வெள்ளைத் துரை

ஹட்டனை அடுத்த தோட்டமொன்றின் லயத்தில் நான் பிறந்தபோது, வெளுத்த என் மேனியையும் முடியையும் கண்டு அயலார் திகைத்தனராம். பள்ளிப் பிள்ளைகள் எனக்கிட்ட பெயர் ‘வெள்ளைத் துரை’. வெள்ளைத் துரைமார் கப்பலேறிப் பல்லாண்டு சென்றும் அப்பெயர் என்னை விட்டபாடில்லை. யாருக்குப் பிறந்தவன் என்னும் ஏளனமும் அதில் மறைந்திருந்தது. பீலிக்கரையில் அம்மா தலைகுனிந்தே நின்றார்.

பின்னாளில் ஒரு கண் மருத்துவர் விளக்கினார்: இது அல்பினிசம் என்னும் அரிய பிறவி நிலை. தோலுக்கும் முடிக்கும் விழிக்கும் நிறந்தரும் மெலனின் குறைவதால் வருவது. பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமும் மறைந்திருக்கும் மரபணுக்கள் பிள்ளையிடம் ஒன்றுசேர்வதே காரணம். கரும்பலகை எனக்குத் தெரியாததும் இதனாலேயே, மந்தபுத்தியால் அன்று. அன்று மாலையே அம்மாவிடம் கூறினேன். அவர் நெடுநேரம் அழுதார்.

நைஜீரியாவில் சிறுமியாக இருந்தபோது இதே நிலைக்காக எள்ளப்பட்ட இக்பொன்வோசா ஈரோ, 2015இல் ஐக்கிய நாடுகள் சபையின் அல்பினிசம் பற்றிய முதலாவது சுயாதீன நிபுணரானார்.

நான் செய்வது சிறிது. தோட்டப் பள்ளிகளுக்குச் சென்று, இத்தகைய பிள்ளையை முன்வாங்கில் அமர்த்துங்கள், வெயிலில் தொப்பியும் நீண்ட கைச்சட்டையும் அணிவியுங்கள் என்கிறேன். இருவர் வழியும் வருவது இது என்பதைத் தவறாமல் சொல்லுகிறேன். அப்போது பின்வரிசையில் ஒரு தாய் நிமிர்ந்து பார்ப்பதுண்டு.