பானைச் சோறும் பச்சிளங் குழந்தையும்

மதியம் வடித்த சோறு மாலையிலும் பானைக்குள் இளஞ்சூடாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே சோற்றில் ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் வையுங்கள். கை கழுவிவிட்டு வருவதற்குள் ஆறிவிடும். ஒரே அடுப்பில், ஒரே நேரத்தில் வெந்த சோறுதானே? பின் ஏன் இந்த வேறுபாடு?

இயற்பியல் ஆசிரியனாகிய நான் இந்தக் கேள்வியை வகுப்பில் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் இதன் விடை ஓர் உயிரைத் தொடும் என்று பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் உணர்ந்தேன். அப்போது என் மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1600 கிராம். மூன்றாம் நாள் செவிலியர் ஒருவர் என்னை அழைத்து, "சார், சட்டையைக் கழற்றிவிட்டு அந்த நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள். குழந்தையை உங்கள் மார்பில் வைத்துக் கட்டப் போகிறேன்" என்றார். எனக்குத் திகைப்பாக இருந்தது. இன்குபேட்டர் கிடைக்காததால் ஏதோ ஏழைக்கேற்ற வைத்தியம் செய்கிறார்கள் என்று நினைத்தேன். நான் நினைத்தது தவறு. ஏன் தவறு என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

சிறியது ஏன் விரைவில் ஆறுகிறது?

பக்கம் 10 செ.மீ. உள்ள ஒரு கனசதுரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் பருமன் 1000 கன செ.மீ.; மேற்பரப்பு 600 சதுர செ.மீ. இதைப் பக்கம் 1 செ.மீ. உள்ள சிறு கனசதுரங்களாக வெட்டினால் 1000 துண்டுகள் கிடைக்கும். மொத்தப் பருமன் மாறவில்லை. ஆனால் மொத்த மேற்பரப்பு 6000 சதுர செ.மீ. ஆகிவிடுகிறது, அதாவது பத்து மடங்கு! ஒரு பொருள் எவ்வளவு சிறியதோ, அதன் பருமனோடு ஒப்பிட மேற்பரப்பு அவ்வளவு அதிகம். பொருளில் அடங்கியுள்ள வெப்பம் பருமனைப் பொறுத்தது. வெளியேறும் வெப்பமோ மேற்பரப்பைப் பொறுத்தது. எனவேதான் கரண்டிச் சோறு ஆறுகிறது. பானைச் சோறு சூடாக இருக்கிறது.

இதே கணக்கை மனித உடலுக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் தோலின் பரப்பு ஏறத்தாழ 1.6 சதுர மீட்டர். ஒரு கிலோ உடலுக்குச் சுமார் 270 சதுர செ.மீ. தோல். 3 கிலோ எடையுடன் பிறக்கும் குழந்தைக்குத் தோலின் பரப்பு ஏறத்தாழ 0.2 சதுர மீட்டர். கிலோவுக்குச் சுமார் 670 சதுர செ.மீ. ஒன்றரைக் கிலோ எடையுள்ள குறைமாதக் குழந்தைக்கு இது 870-ஐ நெருங்குகிறது. பெரியவரைப் போல மூன்று மடங்குக்கும் மேல்! குழந்தையின் தலை மட்டுமே மொத்தத் தோலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. மருத்துவமனையில் முதலில் குல்லா அணிவிப்பது அழகுக்காக அன்று என்பது இப்போது விளங்குகிறதா?

நமக்குக் குளிரெடுத்தால் உடல் நடுங்குகிறது. தசைகள் வேலை செய்து வெப்பம் உண்டாக்குகின்றன. பச்சிளங் குழந்தைக்கு இந்தத் திறன் மிகக் குறைவு. அதற்குப் பதிலாகத் தோள்பட்டைகளுக்கு இடையிலும் கழுத்தைச் சுற்றியும் 'பழுப்புக் கொழுப்பு' என்னும் தனிவகைக் கொழுப்பு இருக்கிறது. அது எரிந்து வெப்பம் தருகிறது. இக்கொழுப்பு கருக்காலத்தின் பிற்பகுதியில்தான் சேர்கிறது. குறைமாதக் குழந்தை அந்தச் சேமிப்பு நிறைவதற்கு முன்பே வந்துவிடுகிறது. குடித்த பாலையும் வளர்ச்சிக்குப் பயன்படுத்தாமல் விறகாக எரிக்க வேண்டிய நிலை அதற்கு.

நான்கு வாசல்கள்

குழந்தையின் உடலிலிருந்து வெப்பம் நான்கு வாசல்கள் வழியாக வெளியேறுகிறது. குளிர்ந்த தராசுத் தட்டில் கிடத்தினால் வெப்பக் கடத்தல். மின்விசிறிக் காற்று பட்டால் வெப்பச் சலனம். அருகிலுள்ள குளிர்ந்த சுவர்களை நோக்கி வெப்பக் கதிர்வீசல். ஈரத் தோலிலிருந்து ஆவியாதல்.

கடைசி வாசலை அற்பமாக எண்ணிவிடாதீர்கள். பிறந்த குழந்தையின் உடல் பனிக்குட நீரால் நனைந்திருக்கும். அதில் 10 கிராம் நீர் தோலிலிருந்து ஆவியாவதாகக் கொள்வோம். உடல் வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி தேவை. ஆகவே 5800 கலோரி வெளியேறும். உடலின் தன்வெப்பம் கிராமுக்கு ஏறத்தாழ 0.83 கலோரி. 3 கிலோ உடல் ஒரு டிகிரி செல்சியஸ் குளிர ஏறத்தாழ 2500 கலோரி இழந்தால் போதும். வகுத்துப் பாருங்கள். உடல் வேறு வெப்பம் எதையும் உண்டாக்காவிட்டால், இரண்டு தேக்கரண்டி நீர் குழந்தையின் வெப்பநிலையை 2 டிகிரிக்கும் மேல் இறக்கிவிடும்! குழந்தையின் இயல்பான வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரி வரை. 2 டிகிரி இறங்குவது பேராபத்து. பிறந்தவுடன் குழந்தையை நன்றாகத் துடைக்க வேண்டும், 24 மணி நேரம் கழியும்வரை குளிப்பாட்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதன் காரணம் இதுவே.

பெட்டியும் மார்பும்

நான்கு வாசல்களையும் அடைக்க முதலில் வந்தது பெட்டி. 1880-களின் தொடக்கத்தில் பாரிஸ் நகர மருத்துவர் தார்னியே, கோழிக்குஞ்சு பொரிக்கும் கருவியை முன்மாதிரியாகக் கொண்டு, வெந்நீரால் சூடாகும் பெட்டியைக் குழந்தைகளுக்காக அமைத்தார். 1958-இல் அமெரிக்க மருத்துவர் சில்வர்மனும் அவருடைய குழுவினரும் ஒரு முக்கியமான உண்மையைக் காட்டினார்கள். பெட்டியின் வெப்பநிலை 29 டிகிரிக்குப் பதில் 32 டிகிரி அளவில் இருந்தபோது, குறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 15 பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள். மூன்றே மூன்று டிகிரி!

ஆனால் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும், பராமரிப்பு வேண்டும், எண்ணிக்கையும் போதுமானதாக இருக்க வேண்டும். தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகரான பொகோட்டா, கடல் மட்டத்திலிருந்து 2600 மீட்டர் உயரத்தில் உள்ள குளிர்ந்த நகரம். அங்கே ஒரு பெரிய மகப்பேறு மருத்துவமனையில் பெட்டிகள் போதாமல் ஒரே பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கிடத்த நேர்ந்தது. நோய்த்தொற்று பரவியது. 1978-இல் மருத்துவர் எட்கர் ரே, அவரைத் தொடர்ந்து மருத்துவர் எக்தோர் மார்த்தினெஸ், குழந்தைகளைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டச் செய்தார்கள். பிறக்கும்போது ஒரு கிராம்கூட இல்லாத குட்டியைப் பையில் வைத்து வளர்க்கும் கங்காருவின் பெயர் இம்முறைக்கு அமைந்தது.

இயற்பியல் கண்ணால் இதைப் பாருங்கள். குழந்தையின் முன்புறம் முழுவதும் தாயின் சூடான தோலில் படிகிறது. அங்கே கடத்தல் இழப்பாக இல்லாமல் வரவாகிறது. கட்டிய துணி காற்றைத் தடுக்கிறது. குளிர்ந்த சுவருக்குப் பதில் தாயின் உடல் எதிரே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளிப்பட்டிருக்கும் பரப்பு குறைகிறது. தாயும் சேயும் சேர்ந்து ஒரே பெரிய உடலாகிவிடுகிறார்கள். கரண்டிச் சோறு மீண்டும் பானைக்குள் போய்விட்டது!

இது இன்குபேட்டர் இல்லாத ஊருக்கான மாற்றுதானா? இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட 3211 குழந்தைகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். முடிவு 2021-இல் வெளியாயிற்று. ஒரு பிரிவில் குழந்தை பிறந்தது முதலே தாயின் மார்பில். மற்றப் பிரிவில் வழக்கமான தீவிர சிகிச்சை. உடல்நிலை சீரான பிறகே கங்காரு முறை. 28 நாட்களுக்குள் இறந்தோர் வழக்கமான பிரிவில் 15.7 விழுக்காடு, உடனடிப் பிரிவில் 12.0 விழுக்காடு. பயன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். 2022-இல் உலக சுகாதார நிறுவனம், குறைமாதக் குழந்தைகளுக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் நாள்தோறும் 8 முதல் 24 மணி நேரம் கங்காரு முறையைப் பரிந்துரைத்தது. தானாக மூச்சுவிட முடியாத, செயற்கைச் சுவாசம் தேவைப்படும் குழந்தைகளுக்குக் கருவிகள் இன்றியமையாதவை. அதனால் இதை மருத்துவமனையில் கற்றுக்கொண்டே செய்ய வேண்டும். முகம் வெளியே தெரிய வேண்டும். மூச்சுக்கு வழி தடைபடக் கூடாது.

தாய் களைத்துப்போனால் தந்தையோ பாட்டியோ அந்த இடத்தில் உட்காரலாம். எங்கள் வீட்டில் மூவரும் முறை வைத்துக்கொண்டோம். நான் அசையாமல் உட்கார்ந்து, குழந்தையின் மூச்சை என் நெஞ்சில் எண்ணியபடி விடைத்தாள் திருத்தியதும் உண்டு. மகளின் எடை முதலில் 1480 கிராமுக்கு இறங்கியது. பதினாறாம் நாள் மீண்டும் 1600-ஐத் தொட்டது. இப்போது அவள் ஏழாம் வகுப்பு.

நீங்களே செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒரு சிறிய டம்ளரிலும் ஒரு பெரிய செம்பிலும் ஒரே சூடுள்ள வெந்நீர் ஊற்றுங்கள். பள்ளி ஆய்வகத்து வெப்பமானியால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். அடுத்து, இரண்டு ஒரே அளவு டம்ளர்களில் ஒன்றை ஈரத்துணியாலும் மற்றதை உலர்ந்த துணியாலும் சுற்றி, மின்விசிறியின் கீழ் வைத்து ஒப்பிடுங்கள்.

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ குறைமாதக் குழந்தை பிறந்தால், அந்த வரைபடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போவது, தண்ணீர் பிடிப்பது, பாத்திரம் கழுவுவது ஆகிய வேலைகளை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். தாய் எழுந்து போகும் ஒவ்வொரு முறையும் கரண்டிச் சோறு தட்டுக்கு வருகிறது. அவர் அசையாமல் உட்கார்ந்திருக்க நீங்கள் வழி செய்தால், குழந்தைக்கு வெப்பம் கொடுத்தவர்களில் நீங்களும் ஒருவர்.