வாசலில் நின்ற வேஷ்டி

சென்ற தை மாதத்தில் கோயம்புத்தூரில் ஒரு விருந்துக்குப் போயிருந்தோம். நம் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷ காலம் கணக்குப் போதித்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருக்கு அவருடைய பழைய மாணாக்கர்கள் அளித்த விருந்து அது. மாணாக்கர்கள் இப்போது பெரிய மனிதர்கள். ஆகையால் இடமும் பெரிய இடமாயிற்று. கீழே இராக்காலத்தில் வாத்திய கோஷமும் பானமும் நடனமும் அமளிப்படுகிற உல்லாச விடுதி. மேலே சாப்பாட்டுக் கூடம். இரண்டுக்கும் வாசல் ஒன்றே.

பெரியவர் சலவை வேஷ்டியும் வெள்ளைச் சட்டையும் தோல் செருப்பும் அணிந்திருந்தார். வாசற் காவலர் அவரைத் தலை முதல் கால் வரை நோக்கினார். "வேட்டி பரவாயில்லைங்க, ஐயா. செருப்புத்தான் ஆகாதுங்க. ஷூ போட்டிருக்கோணுமுங்க" என்றார்.

பெரியவருக்குக் கோபம் வரவில்லை. "ஏனுங்க தம்பி, காலுக்காக முழுசையும் கழிக்கறது எந்தக் கணக்குங்க?" என்று கேட்டார். காவலர் பதில் சொல்லாமல் தலை குனிந்தார். அதற்குள் மாணாக்கர் ஒருவர் மாடியிலிருந்து ஓடி வந்து யாருடைய காதிலோ ஏதோ சொன்னார். உடனே வழி விட்டார்கள். சிபாரிசு வந்ததும் செருப்பும் உள்ளே போய்விட்டது!

'வேட்டி பரவாயில்லை' என்று அந்தக் காவலர் சொன்னாரே, அந்த வார்த்தை சும்மா வந்ததல்ல. நேயர்களுக்கு நினைவிருக்கலாம். 2014-ம் வருஷம் ஜூலை மாதம் சென்னைச் சேப்பாக்கத்தில், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு நூல் வெளியீட்டு விழா நடந்தது. அதற்கு வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் அவர்களை, வேஷ்டி கட்டியிருந்த காரணத்துக்காக உள்ளே விட மறுத்துவிட்டார்கள். அவரோடு வேஷ்டியில் வந்த வக்கீல்களுக்கும் அதே கதிதான். நாடெங்கும் கிளர்ச்சி உண்டாயிற்று. ஆகஸ்ட் மாதத்தில் சட்டசபை ஒரு சட்டம் இயற்றியது. வேஷ்டியோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையோ அணிந்து வருவோரை, தம் நிர்வாகத்திலுள்ள பொது இடத்துக்குள் வரவொட்டாமல் தடுக்கும் விதியை எந்தக் கிளப்பும் சங்கமும் கம்பெனியும் செய்தல் கூடாது, மீறினால் ஒரு வருஷம் வரை சிறைவாசமும் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு, லைசென்ஸும் போய்விடும்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? சென்னை மாநகரில் 1832-ல் துரைமார் 'மெட்ராஸ் கிளப்' என்ற ஒன்றை ஏற்படுத்தினார்கள். நம்மவர் அதில் அங்கத்தினராக முடியாது. ஆகவே 1873-ல் நம்மவரும் சேரும்படி காஸ்மாபாலிடன் கிளப் தோன்றியது. துரைமார் கப்பலேறிய பிறகும் அவர்கள் எழுதி வைத்த உடை விதிகள் மட்டும் கப்பலேறவில்லை. 1988-ல் ஓவியர் எம். எப். ஹுசேன் வெறுங்காலோடு வந்தார் என்பதற்காக பம்பாய் வில்லிங்டன் கிளப்பில் அவரை அனுமதிக்கவில்லை. 2024 ஜூலையில் பெங்களூரில், மகனோடு சினிமாப் பார்க்க வந்த முதிய விவசாயி ஒருவரை வேஷ்டிக்காக ஒரு வணிக வளாகத்தில் தடுத்தார்கள். கர்நாடக சர்க்கார் அதை ஏழு நாள் மூடி வைத்தது.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. சுமார் இருநூறு வருஷங்களுக்கு முன் லண்டனில் 'ஆல்மாக்' என்ற நடன மாளிகையில், முழங்கால் வரை வரும் பழைய மோஸ்தர்க் கால்சட்டைக்குப் பதிலாகப் புது மோஸ்தரில் நீளக் கால்சட்டை அணிந்து வந்தாரென்று, நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபுவையே திருப்பி அனுப்பினார்களாம். இது அங்கே வழங்கும் கதை. அன்று விலக்கப்பட்ட நீளக் கால்சட்டை இன்று கட்டாயமாகி இருக்கிறது! உடை விதி தர்ம சாஸ்திரம் அல்ல, வெறும் மோஸ்தர்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? 1921 செப்டம்பரில் மதுரையில் அரைத்துணிக்கு மாறிய காந்தியடிகள், 1931-ல் அதே கோலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அரண்மனைத் தேநீர் விருந்துக்குப் போனார். அரண்மனை வாசலில் செல்லுபடியான உடை நம் ஊர் வாசலில் செல்லாதென்றால் அதை என்னவென்று சொல்வது?

கொங்கு நாட்டுக்கு இதில் தனிப்பட்ட சிரத்தை உண்டு. 1888-ல் கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் மில் எழுந்தது முதல் நூலும் துணியுமே நம் ஜில்லாவின் ஜீவனம். 1925-ல் ராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்து இராட்டை சுற்ற வைத்தார். 1932-ல் திருப்பூர் குமரன் கொடியேந்தி உயிர் நீத்தான். துணியை வைத்தே சுதந்திரப் போர் நடத்திய பூமி இது. இங்கே துணியைக் கொண்டு மனிதரை எடை போடலாமா?

விடுதிக்காரர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. குடித்துவிட்டுக் கலகம் செய்பவரையும், அழுக்கும் துர்நாற்றமுமாக வருபவரையும் தடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் சுத்தம் வேறு, விலை வேறு. சலவை வேஷ்டி சட்டத்தின் தயவால் உள்ளே போய்விட்டது. அதன் கீழே இருக்கும் செருப்பைப் பற்றி அந்தச் சட்டம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மில் தொழிலாளியின் கைலியோ எந்த வாசலையும் எட்டிப் பார்க்கவே அஞ்சுகிறது. விதி இருக்கத்தான் வேண்டுமென்றால் அதைத் தமிழில் பலகையில் எழுதி வாசலில் வைக்கட்டும். அழுக்கைத் தடுக்கட்டும்; ஏழ்மையைத் தடுக்க வேண்டாம். எல்லாவற்றிலும் முக்கியமாக, சிபாரிசுக்கு வளையாத விதியாக இருக்கட்டும். ஒருவருக்கு வளைந்து மற்றொருவருக்கு நிமிர்வது விதியல்ல, அவமானம்.

விருந்து முடிந்து நாம் வெளியே வந்தபோது இரவு மணி பதினொன்று. அந்தக் காவலர் முறை மாறி வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். விடுதியின் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கைலியும் ரப்பர்ச் செருப்புமாகச் சைக்கிளை எடுத்தார். பெரியவரைக் கண்டதும் இறங்கிக் கும்பிட்டார். "மனசுல வச்சுக்காதீங்க, ஐயா. என்னையே இந்தக் கோலத்துல உள்ள விட மாட்டாங்க" என்றார்.

பெரியவர் அவருடைய தோளைத் தட்டிக் கொடுத்தார். அந்தக் கணக்குக்கு அவரிடமும் விடை இல்லை.