பட்டியலில் விட்டுப்போன எண்

அறுபது என்ற எண்ணிடம் நம் முன்னோருக்குத் தனிப் பிரியம் உண்டு. நாளுக்கு அறுபது நாழிகை. நாழிகைக்கு அறுபது விநாழிகை. வருஷச் சுற்றும் அறுபதுதான். அவர்கள் எதை எண்ணி அப்படி வகுத்தார்களோ, பங்கு போடுவதற்கு அறுபதைப்போல் இணங்கி வரும் எண் அதற்குக் கீழே ஒன்றுகூட இல்லை. 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60 ஆகிய பன்னிரண்டு எண்கள் அதை மீதியின்றி வகுக்கின்றன. அடுத்த வீட்டுக்காரரான 59ஐயோ, 1ம் 59ம் தவிர வேறெதுவும் அசைக்க இயலாது.

தனக்குக் குறைந்த எல்லா எண்களையும்விட அதிகமான காரணிகளை உடைய இத்தகைய எண்களைப் பற்றித்தான் ஸ்ரீநிவாஸ ராமானுஜன் 1915-ம் வருஷம் லண்டன் கணித சங்கத்தின் வெளியீட்டில் நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதன் கடைசி எண் 6,74,632 கோடியே 83,88,800.

இந்தப் பெரிய எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால், 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5ம் 7ம் இரண்டிரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையும் வருகின்றன. காரணி ஒன்றை அமைக்கும்போது 2ஐ அடியோடு விட்டுவிடலாம். அல்லது ஒன்று முதல் ஆறு முறை வரை எடுத்துக்கொள்ளலாம். ஆக, ஏழு வழிகள். மற்றவற்றுக்கும் இவ்வாறே. 7×5×3×3×2×2×2×2×2 என்று பெருக்கினால், காரணிகள் 10,080!

முறைகள் 6, 4, 2, 2, 1 என்று இறங்கி வருவதை நேயர்கள் கவனித்திருப்பார்கள். அது தற்செயல் அன்று. 23 இரு முறையும் 19 ஒரு முறையும் வருவதாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் இடம் மாற்றினால் காரணிகளின் தொகை மாறாது; எண் மட்டும் சிறுத்துவிடும். அப்புறம் முன்னதற்குப் பட்டியலில் இடம் ஏது? கடைசிப் பகா எண் ஒரே முறைதான் வரும் என்பதையும் ராமானுஜன் நிரூபித்தார். விலக்கு இரண்டே: 4, 36.

ஆனால் 29,331 கோடியே 86,25,600 என்ற எண் பட்டியலில் இல்லை. இருந்திருக்க வேண்டிய எண் அது. வீட்டில் கணக்குப் போடும் பிள்ளைகள் இருந்தால், பட்டியலின் கடைசி எண்ணை 23ஆல் வகுக்கச் சொல்லுங்கள். விட்டுப்போன எண் மீதியின்றி வந்து நிற்கும்! 23 ஒன்று கழிந்ததால் காரணிகள் சரிபாதி, அதாவது 5,040. வேடிக்கை என்னவென்றால், 5,040ம் 10,080ம்கூட இந்த இனத்தைச் சேர்ந்த எண்களே.

கணிக்கும் யந்திரங்கள் இன்று நொடியில் காட்டிவிடுவதை அவர் கையால் போட்டார். ஓர் எண் விட்டுப்போனதை நான் பெரிதாக எண்ணவில்லை, வருத்தமெல்லாம் வேறு. சங்கத்துக்கு அப்போது பண முடை. ஆகையால் கட்டுரையின் ஒரு பகுதி அச்சாகாமலே நின்றுவிட்டது. அந்த மிச்சம் நிக்கோலா, ராபின் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர்களின் குறிப்புக்களோடு 1997-ல்தான் வெளிவந்தது. அதற்குள் ராமானுஜன் காலமாகி எழுபத்தேழு வருஷங்கள் ஆகியிருந்தன.