பழைய பின்பால் இயந்திரங்களின் மின்சுற்றுப் பலகைச் சீரமைப்பு

பின்பால் என்பது சாய்வான மேசையில் உருளும் எஃகுக் குண்டைத் துடுப்புகளால் தட்டி மதிப்பெண் சேர்க்கும் நாணய விளையாட்டு இயந்திரம் ஆகும். 1970களின் பிற்பகுதி வரை இவை ரிலே, சுழல் நிலைமாற்றி போன்ற மின்பொறிமுறைப் பாகங்களால் இயங்கின. பின்னர் நுண்செயலி அவற்றின் இடத்தைப் பிடித்தது. அமெரிக்காவின் சிகாகோவைச் சேர்ந்த பேலி நிறுவனம் 1977 முதல் பயன்படுத்திய ஏ.எஸ்.-2518-17 என்னும் முதன்மைப் பலகை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. அந்நிறுவனத்தின் "எய்ட் பால்" இயந்திரம் மட்டுமே 20,230 எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்டது.

பழுதின் காரணம்

இப்பலகையில் மோட்டோரோலா 6800 நுண்செயலி உள்ளது. மின்சாரம் நிறுத்தப்பட்ட பின்னும் அதிகபட்ச மதிப்பெண்ணையும் கணக்குப் பதிவுகளையும் காக்க, 5101 என்னும் நினைவகச் சில்லுக்கு 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் மின்கலம் ஒன்று பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பல ஆண்டுகளில் இம்மின்கலம் கசியத் தொடங்குகிறது. வெளிவரும் பொட்டாசியம் ஐதராக்சைடு ஒரு காரம். அது செப்புத் தடங்களை அரித்து, சாக்கெட்டுகளின் உள்ளும் இணைப்பிகளின் ஊசிகளிலும் பரவுகிறது. மதிப்பெண்ணைக் காக்க வைத்த மின்கலமே இயந்திரத்தை முடக்குகிறது.

தூய்மைப்படுத்தல்

முதலில் மின்கலத்தை வெட்டி அகற்ற வேண்டும். கசிந்தது காரம் என்பதால், நீர் கலந்த வினிகர் போன்ற மென் அமிலத்தால் அதை நடுநிலையாக்க வேண்டும். அமில மின்கலங்களுக்கு உரிய சமையல் சோடா இங்குப் பயன்படாது. பின்னர் நீரால் நன்கு அலசி, ஐசோபுரொப்பைல் ஆல்ககாலால் துடைத்து முழுமையாக உலர்த்த வேண்டும்.

பச்சையாகவோ கருத்தோ போன செம்பில் ஈயம் ஒட்டாது. எனவே பாதிக்கப்பட்ட பகுதியிலுள்ள மின்தடையங்கள், டிரான்சிஸ்டர்கள், சாக்கெட்டுகள் ஆகியவற்றைக் கழற்றி, பளபளக்கும் செம்பு தெரியும் வரை தடத்தை மென்மையாகத் தேய்க்க வேண்டும். அரிப்பின் மேலேயே புதுப் பாகங்களைப் பற்றவைத்தால் பலகை சில காலம் இயங்கும். ஆனால் அடியில் அரிப்பு தொடரும். அறுந்த தடங்களை மல்டிமீட்டரால் கண்டறிந்து, மெல்லிய கம்பியால் இணைக்கலாம்.

சோதித்தல்

சீரமைத்த பலகையை உடனே இயந்திரத்தில் பொருத்தாமல், 5 வோல்ட், 12 வோல்ட் மின்சாரம் கொடுத்து மேசையில் சோதிப்பது பாதுகாப்பானது. இயந்திரத்தின் காட்சித் திரைகளுக்கு 190 வோல்ட் செல்வதே இதற்கு ஒரு காரணம்.

பலகையிலுள்ள எல்.இ.டி. விளக்கு முதலில் ஒரு நொடி மினுங்கி, பின் ஒவ்வொரு சோதனை முடிந்ததும் ஒருமுறை ஒளிரும். மொத்தம் 7 ஒளிர்வுகள். எத்தனையாவதில் நிற்கிறதோ அதற்கு அடுத்த பாகத்தில் பழுது என்று பொருள். எடுத்துக்காட்டாக, 2 ஒளிர்வுகளுடன் நின்றால் 5101 நினைவகத்தையும் அதைச் சார்ந்த தடங்களையும் பார்க்க வேண்டும். ஏழாவது ஒளிர்வுக்கு இயந்திரத்தின் 43 வோல்ட் மின்சாரம் தேவை. ஆகவே மேசைச் சோதனையில் 6 ஒளிர்வுகள் வந்தாலே போதும்.

மீண்டும் பழுதாகாமல் காத்தல்

புதிய மின்கலத்தைப் பலகையில் பொருத்தக் கூடாது. கம்பி மூலம் சற்றுத் தொலைவில் மின்கலப் பெட்டி வைக்கலாம். பலகை, மின்கலத்தை மின்னேற்றும் வகையில் அமைக்கப்பட்டதால், மின்னேற்றக் கூடாத சாதாரண மின்கலங்களுக்கு ஒரு டையோடு அவசியம். மின்கலமே தேவைப்படாத மாற்று நினைவகமும் கிடைக்கிறது. மின்கலம் இல்லாவிட்டாலும் விளையாட்டு இயங்கும். பழைய மதிப்பெண்கள் மட்டுமே அழியும். பயன்பாட்டில் இல்லாத இயந்திரத்திலும் மின்கலம் கசியும் என்பதால், பலகை நன்றாக இருக்கும்போதே அதை அகற்றுவதே சிறந்த சீரமைப்பு ஆகும்.