தங்கவயல் தடங்கள் – 9: மூல ஓலை

மணப்பந்தலுக்குள் ஒரு முதியவர் வருகிறார். மணமகன் தனக்கு அடிமை என்கிறார். அவன் பாட்டன் தன்னோடு தன் வழிவழி வருவோரையும் சேர்த்து எழுதிக்கொடுத்த ஓலை தன்னிடம் இருக்கிறது என்கிறார். மணமகனான சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழிக்கிறார். மூல ஓலையோ திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் வெளிவருகிறது. பாட்டனின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுச் சபையோர் தீர்ப்பளிக்கிறார்கள்.

பெரியபுராணம் சொல்வது பக்திக் கதைதான். ஆனால் ஆளோலை என்ற அடிமைப் பத்திரம் எப்படி எழுதப்பட்டது, எப்படிச் சரிபார்க்கப்பட்டது என்பது 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழாருக்குத் தெரிந்திருந்தது. அடிமையின் பரம்பரை ஆண்டையின் பெட்டியில்தான் இருக்கும்.

உலகெங்கும் இதே கதைதான். கரீபியத் தோட்ட முதலாளிகளின் உயில்களில் மாட்டுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே மனிதர்களின் பெயர்கள் வருகின்றன. அந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டுதான் பேரப்பிள்ளைகள் மூதாதையரைத் தேடுகிறார்கள். பழவேற்காட்டிலிருந்து டச்சுக்காரர்கள் கப்பலேற்றிய நம்மவர்களும் அயல்நாட்டு ஆவணங்களில்தான் கிடக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் சிலரது பெயருக்குப் பின்னால் 'கோரமண்டல்' ஒட்டியிருக்கிறது. ஊரும் இல்லை, தகப்பன் பெயரும் இல்லை. கடற்கரை மட்டும் மிஞ்சியது.

கோலார் தங்கவயலுக்கு வருவோம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால்வைத்த பின், வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து மக்கள் சுரங்கத்துக்கு வந்தார்கள். பெரும்பாலோர் சேரி மக்கள். 1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டத்துக்குப் பிறகு, அடிமை மீதான உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. 1862இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் ஆளை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. அவர்கள் விட்டுவந்த கிராமங்களிலோ, 'அடிமை' என்ற சொல் போய்ப் 'படியாள்' என்ற சொல்லும் தீராத கடனும் நின்றன.

1930இல் கைரேகைப் பதிவு கட்டாயம் என்று கம்பெனிகள் சொன்னபோது தங்கவயலே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஒரு பாட்டன் வைத்த கைநாட்டு எத்தனை தலைமுறையைக் கட்டும் என்று அறிந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்க என்னால் முடியாது.

சுரங்கத்துக்கு வந்த கார்ன்வால்காரரின் பேரன் தன் தாத்தாவின் உயிலை இங்கிலாந்தில் தேடலாம். நம் தாத்தாக்கள் உயில் எழுதவில்லை. எழுதிவைக்கச் சொத்து ஏது? ஆகவே நாம் தேட வேண்டியது ஆண்டையின் பெயரை. அடிமைமுறை பற்றி 1819இல் சென்னை வருவாய் வாரியம் கேட்ட கேள்விகளுக்குக் கலெக்டர்கள் எழுதிய பதில்கள் இருக்கின்றன. ஆட்கள் நிலத்தோடு விற்கப்பட்டதும் அடகு வைக்கப்பட்டதும் அக்காலப் பதிவுகளில் உண்டு. பழைய மாவட்டப் பதிவேடுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடியது. தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகளில் இன்னும் பாட்டிகள் இருக்கிறார்கள். சொந்த ஊர் எது, குலதெய்வம் எது, எந்த வீட்டுக்குப் படியாள் என்று இந்த வாரமே கேளுங்கள். கேட்டதைத் தேதி போட்டு எழுதிவையுங்கள். நம் கையால் எழுதும் முதல் ஓலை அதுவாக இருக்கட்டும்.

(தொடரும்)