பெரிய நாயை வீட்டுக்கு அழைத்து வருமுன்



கம்போங் குவாந்தான் என்றதும் வெளியூரார் சிலாங்கூர் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்களில் மின்னும் மின்மினிகளை நினைப்பர். இங்கேயே வாழும் நமக்கோ மற்றொரு காட்சியும் பழக்கமானது. செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் மெலிந்த உடலோடு திரியும் பெரிய நாய்களே அக்காட்சி. அவற்றுள் சில, குட்டிப் பருவத்தில் மடியில் வைத்துக் கொஞ்சப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டவை.

இது ஏன் நேர்கிறது? தோட்டத்து நாய்களிற் பெரும்பாலானவை கலப்பினம். குட்டியின் தாயை நாம் காண்கிறோம், தந்தையை அறியோம். கையில் அடங்கிய குட்டி, ஓராண்டுக்குள் இருபத்தைந்து கிலோ எடையைத் தாண்டவும் கூடும். உடல் வளர்ந்தாலும் அதன் அன்பு குறைவதில்லை. பள்ளி விட்டு வரும் பிள்ளையைக் கண்டதும் தாவுகிறது. பிள்ளை விழுந்து அழுகிறது. அது சினமன்று, மகிழ்ச்சியே. எனினும் வீட்டார் அஞ்சிச் சங்கிலியிற் கட்டுகின்றனர். ஓட வேண்டிய நாய் நாள் முழுவதும் ஓரிடத்தில் கிடந்தால் குரைக்கும்; மண்ணைத் தோண்டும்; அவிழ்த்தவுடன் முன்னினும் வேகமாகத் தாவும். இறுதியில் ‘பொல்லாத நாய்’ என்னும் பெயரோடு வெளியேற்றப்படுகிறது.

இதற்கு மருந்து எளியதே. காலையும் மாலையும் அரைமணி நேரமாவது கயிற்றிற் பிடித்து நடத்திச் செல்ல வேண்டும். நாய் பெரும்பாலும் நாக்கை நீட்டி மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிப்பதால் நண்பகல் வெயில் ஆகாது. தாவினால் அடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நில்லுங்கள். நான்கு கால்களும் தரையில் பட்டதும் தட்டிக்கொடுங்கள். வீட்டிலுள்ள அனைவரும் இம்முறையையே கையாள வேண்டும். பிரம்பைவிடப் பாராட்டே நிலைத்த பயன் தரும் என்பது வகுப்பறையில் நாம் கண்ட உண்மையுமாகும்.

உடல்நலத்தையும் மறக்கலாகாது. கால்நடை மருத்துவரிடம் தடுப்பூசி போடுதல் இன்றியமையாதது. 2017ஆம் ஆண்டு ஜூலையில் சரவாக்கின் செரியான் வட்டாரத்தில் வெறிநாய்க்கடி நோய்க்குச் சிறுவர்கள் பலியானதை நாம் மறத்தல் தகாது. எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். செம்பனைக் காட்டில் வைக்கப்படும் எலி நஞ்சு நாயையும் கொல்லும். ஆதலால் அங்கே அவிழ்த்துவிடாதீர்கள். நாய் சினையுற்று இரண்டே மாதத்தில் குட்டிகளை ஈனும். அவற்றுக்கு வீடு கிடைக்காதெனில் கருத்தடை செய்வதே கருணை.

நகராண்மைக் கழகத்தின் உரிமம் பெறுவதும், நாயைத் தீண்டாத சமய வழக்கமுடைய அண்டை வீட்டாரின் வாயிலுக்கு அதை விடாதிருப்பதும் நல்லிணக்கத்திற்கு அழகு. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்படி, விலங்கை வதைப்போர்க்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

குட்டியைத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. அம்பாங்கிலுள்ள சிலாங்கூர் பிராணி வதைத் தடுப்புச் சங்கம் போன்ற காப்பகங்களில் வளர்ந்த நாய்கள் வீடு தேடிக் காத்திருக்கின்றன. வளர்ந்த நாயின் உருவத்தையும் குணத்தையும் முன்னரே கண்டறியலாம், பின்னர் ஏமாற்றமில்லை.

பெரிய நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழக்கூடும். முதலாம் ஆண்டு மாணவன் இன்று கொண்டுவரும் குட்டி, அவன் ஐந்தாம் படிவம் முடிக்கும்வரை உடனிருக்கலாம். எனவே, ‘அழகாயிருக்கிறதே’ என்று கையில் எடுக்குமுன் வீட்டார் கூடி ஒரு கேள்வியைக் கேளுங்கள்: மழைநாளிலும் தேர்வுநாளிலும் இதை நடத்திச் செல்பவர் யார்? விடை கிடைத்தால் மகிழ்வோடு அழைத்து வாருங்கள். கிடைக்காவிடில், எடுக்காமலிருப்பதும் அவ்வுயிருக்கு நாம் காட்டும் அன்பேயாகும்.