உங்களுக்குத் தெரியுமா? – ஆட்டிசம்: பிள்ளையும் ஊரும்

◆ 2021 கணக்குப்படி உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலை எட்டரை மணிக்கு மதுரை ஒத்தக்கடை நிறுத்தத்தில் மேலூர் பஸ் இரண்டை மறித்து, படிக்கட்டில் தொங்குகிறவர்களையும் சேர்த்து எண்ணினால் 127 பேர் தேறிவிடுவார்கள். ஆனால் அந்த ஒருவர் அதில் இருப்பாரா என்பது சந்தேகம்தான். ஏர் ஹாரன், ஸ்பீக்கர் பாட்டு, முட்டி மோதும் தோள்கள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் தாங்காது என்பதால் பஸ் ஏறுவதையே விட்டுவிட்டவர்கள் பலர்.

◆ ஆட்டிசம் என்று மருத்துவ ஏட்டில் பதிவான முதல் பிள்ளை பிறந்த ஊர், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள ஃபாரஸ்ட் என்ற சிற்றூர். பெயர் டொனால்ட் டிரிப்லெட். 1937இல், நான்கு வயது நிறைவதற்குள்ளேயே, டாக்டர்கள் சொன்னார்கள் என்று பெற்றோர் அவனை ஒரு காப்பகத்தில் விட்டார்கள். மனசு கேட்கவில்லை, மறு வருடமே அழைத்து வந்துவிட்டார்கள். பால்டிமோர் டாக்டர் லியோ கேனர் 1943இல் எழுதிய கட்டுரையில் வரும் 11 குழந்தைகளில் இவன்தான் முதலாமவன்.

இதுவரை பலருக்கும் தெரிந்த கதை. தெரியாத பகுதிதான் சுவையானது. 1942இல் அவனைப் பத்து மைல் தள்ளி ஒரு குத்தகை விவசாயத் தம்பதியிடம் விட்டார்கள். எதைக் கண்டாலும் அளந்து பார்க்கிற பழக்கம் பையனுக்கு. அவர்கள் அவனைக் கிணறு தோண்டச் சொல்லி, ஆழம் எவ்வளவு என்று கணக்குக் கேட்டார்கள். சோளப் பாத்திகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தான். ஏரைக் கையில் கொடுத்து, உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். 1945இல் பார்க்கப் போன கேனர், பையன் குதிரையைப் பூட்டி ஆறு நீள வரிசைகளை உழுது முடித்ததை வியந்து எழுதிவைத்தார். அந்தத் தம்பதி எந்தக் கல்லூரியிலும் சமூகப்பணி படித்தவர்கள் அல்லர். டொனால்ட் பட்டம் வாங்கி, சொந்த ஊர் வங்கியில் வேலை பார்த்து, கார் ஓட்டி, கோல்ஃப் ஆடி, நாடு நாடாகச் சுற்றி, 2023இல் 89 வயதில் காலமானார். வசதியான குடும்பம் என்பது உதவியது, மறுப்பதற்கில்லை. ஆனால் அவரை ஊர் தன் ஆளாக ஏற்றுக்கொண்டது என்பதும் உண்மை.

◆ தாய் பாசம் காட்டாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு காலத்தில் பெரிய படிப்பாளிகளே எழுதினார்கள். புருனோ பெட்டல்ஹைம் 1967இல் இதற்கென்றே ஒரு புத்தகம் போட்டார். அதற்கு 3 வருடம் முன்பே, 1964இல், இது மூளை வளர்ச்சி சார்ந்தது, தாயின் குற்றம் அல்ல என்று பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் புத்தகம் எழுதியிருந்தார். அவர் மகனுக்கே ஆட்டிசம். அந்தப் பழைய பழி அமெரிக்காவில் செத்து ரொம்ப நாளாகிறது. நம் பக்கம், “வேலைக்குப் போறவ பிள்ளைய எங்க பார்த்தா?” என்ற பேச்சில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

◆ தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று 1998இல் ‘லான்செட்’ இதழில் வந்த கட்டுரையை, 2010இல் அந்த இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது. எழுதிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் மருத்துவப் பதிவும் போயிற்று. செல்போன்? அதிகம் பார்த்தால் பிள்ளையோடு பேசும் நேரம் குறையும், பேச்சும் பின்தங்கலாம். அதுதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை.

◆ “உனக்குத் தண்ணி வேணுமா?” என்று அம்மாவைப் பார்த்து ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளை கேட்டால், அவன் உபசரிக்கிறான் என்று நினைக்க வேண்டாம். அவனுக்குத்தான் தாகம். தண்ணீர் கிடைக்கும்போதெல்லாம் காதில் விழுந்த வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்கிறான். ‘நான்’, ‘நீ’ இடம் மாறுவதைக் கேனரே 1943இல் குறித்திருக்கிறார். இது கிளிப்பிள்ளைப் பேச்சு அல்ல. தெரிந்த ஒரே வழியில் கேட்கிறான். டம்ளரைக் கொடுத்துவிட்டு, “எனக்குத் தண்ணி வேணும்” என்று அவன் சொல்ல வேண்டியதை நாம் சொல்லிக் காட்டுவது பேச்சுப் பயிற்சியில் வழக்கம்.

◆ மதுரைக்காரர்களின் நக்கல் ஆட்டிசம் உள்ளவருக்குக் கொடுமையான பரீட்சை. பாத்திரத்தைப் போட்டு உடைத்தவனிடம், “ரொம்ப நல்லா இருக்குடா, இன்னும் ரெண்ட எடுத்துப் போடு” என்றால், அவன் மெய்யாகவே இரண்டை எடுத்துப் போடக்கூடும். அடி விழும். எதற்கு விழுந்தது என்று அவனுக்குக் கடைசிவரை விளங்காது. இதைத் திமிர் என்று எழுதிவைத்த ரிப்போர்ட் கார்டுகள் நம் பள்ளிகளில் எத்தனையோ.

◆ நான்கு பையன்களுக்கு ஒரு பெண் என்ற விகிதம்தான் நெடுநாளாகச் சொல்லப்பட்டது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு அலசல், மூன்றுக்கு ஒன்று என்பதே நெருக்கமானது என்றது. மற்ற பெண்களைப் பார்த்துச் சிரிப்பையும் பேச்சையும் அப்படியே பழகிக்கொண்டு, உள்ளே களைத்துப்போகிற பெண்கள் கண்ணில் படுவதில்லை. நம் ஊரில் இன்னொரு சங்கடமும் உண்டு: யாரோடும் சேராமல், ஏறிட்டுப் பார்க்காமல், மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு “அடக்கமான பொண்ணு” என்று பாராட்டு கிடைக்கும். டாக்டர் கிடைக்க மாட்டார்.

◆ ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் மனம் புரிவதில்லை என்பார்கள். மற்றவருக்கு மட்டும் அவர் மனம் புரிகிறதா என்று 2012இல் திருப்பிக் கேட்டார் டேமியன் மில்டன், தாமே ஆட்டிசம் உள்ள பிரிட்டிஷ் சமூகவியலாளர். 2020இல் எடின்பரோ ஆய்வாளர்கள் 72 பேரை வைத்து, காதுக்குக் காது கதை கடத்தும் விளையாட்டு நடத்தினார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை நன்றாகவே போய்ச் சேர்ந்தது; இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் சிதைந்தது. 2025இல் 300க்கும் மேற்பட்டவர்களை வைத்துத் திரும்பச் செய்தபோது கலந்த வரிசையிலும் அந்தச் சிதைவு தென்படவில்லை. அறிவியல் இப்படித்தான் ஓரடி முன்னே, அரையடி பின்னே போகும். ஆட்டிசம் உள்ளவர்கள் தமக்குள் விஷயத்தைக் கடத்துவதில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை என்பது இரண்டு முறையும் நின்றது.

◆ ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. ஒன்றரை வயதில் ‘அங்க பாரு’ என்று விரல் நீட்டிக் காட்டவில்லை. பேச்சு வருவதற்கு முன்பே கவனிக்க வேண்டியவை இந்த இரண்டும். ஆனால் வீட்டில் அப்பத்தா இருப்பார்: “அவுக அப்பனே அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தான், விடு ஆத்தா.” அப்பத்தாவோடு சண்டை வேண்டாம். அவரையும் கூட்டிக்கொண்டே அரசு மருத்துவமனையில் உள்ள மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குப் போகலாம். டி.இ.ஐ.சி. என்று கேட்டால் காட்டுவார்கள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் பிறப்பு முதல் 18 வயது வரை பரிசோதனை இலவசம். அதன் பட்டியலில் ஆட்டிசமும் உண்டு.

◆ ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ ஆட்டிசம் தெரியாது. சான்றிதழுக்கு இந்தியாவில் பயன்படும் அளவுகோலின் பெயர் ‘ஐசா’. பிள்ளையைப் பார்த்தும் பெற்றோரைக் கேட்டும் 40 அம்சங்களுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் 70க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. மதிப்பெண் குறையக் குறைய நல்லது என்கிற பரீட்சை இது ஒன்றுதான்.

◆ சமூகப்பணியாளர் வீட்டுக்கு வந்தால் முதலில் கையில் எடுப்பது மூன்று கட்டம் போட்ட நோட்டு. முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், பின்னால் என்ன கிடைத்தது. தினமும் சாயங்காலம் கையைக் கடித்துக்கொண்டு அலறுகிறான் என்று தாய் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாலைந்து நாள் எழுதிப் பார்த்தால் நேரம் ஒன்றுபோல வரும். வீட்டுக்கு அடுத்த கடையில் கொத்துப் பரோட்டாவுக்குக் கல்லில் தட்டத் தொடங்குகிற நேரம்! மதுரைக்காரனுக்கு நாக்கில் எச்சில் ஊற வைக்கிற அதே ‘டங் டங்’ அந்தப் பிள்ளைக்குக் காதில் ஆணி. அந்த நேரத்துக்கு அவனை உள்ளறைக்கு மாற்றலாம். காதை மூடும் ஹெட்போன் கொடுக்கலாம். மொட்டை மாடிக்குக் கூட்டிப் போகலாம். மருந்தும் வேண்டாம், மந்திரித்துக் கயிறு கட்டவும் வேண்டாம்.

◆ முடி வெட்டக் கூட்டிப் போனால் சலூனையே இரண்டாக்குகிற பிள்ளைக்கு ஒரு வழி, படக்கதை. மிச்சிகன் ஆசிரியை காரல் கிரே 1991 வாக்கில் இந்த முறையைத் தொடங்கினார். ‘நான் சலூனுக்குப் போவேன். அண்ணன் என் மேல் துணி போர்த்துவார். மெஷின் சத்தம் வரும். சத்தம் நின்றதும் எழுந்திருப்பேன்.’ இவ்வளவுதான். அந்தக் கடையையே செல்போனில் படம் எடுத்து ஒட்டி, ஒரு வாரம் வாசித்துக் காட்டிவிட்டுப் போக வேண்டும். கூட்டம் இல்லாத நேரம் எது என்று சலூன்காரரிடம் முன்கூட்டிப் பேசிவைப்பதும் சமூகப்பணியில் சேர்த்திதான்.

◆ தெரபி என்றால் பெருநகரத்து ஸ்பெஷலிஸ்ட்தான் தர வேண்டுமா? கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது; 2016இல் வெளியானது. ஸ்பெஷலிஸ்ட் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்கே போய், பிள்ளையோடு எப்படி விளையாடுவது, அவன் தொடங்கும் வரை எப்படிக் காத்திருப்பது என்று பெற்றோருக்குக் காட்டினார்கள். தாயும் பிள்ளையும் கொடுத்து வாங்கும் தொடர்பு கூடியது. தமிழ்நாட்டில் இந்த வழிக்குப் பழைய உதாரணம், தென்காசிப் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கம். விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் கிராமம் கிராமமாக வீடு தேடிப் போகிறார்கள்.

◆ சமூகப்பணிப் படிப்பு தமிழ்நாட்டுக்கு 1952இல் வந்தது, மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி மூலம். மதுரையில் அழகர்கோயில் சாலையில் உள்ள சமூக அறிவியல் கல்லூரியிலும் எம்.எஸ்.டபிள்யூ. உண்டு. இந்தப் படிப்பில் வகுப்பைப் போலவே களப்பணியும் கட்டாயம். வீட்டு வாசலில் நோட்டும் கையுமாக ஒரு மாணவி வந்து நின்றால், லோன் வசூலுக்கு வந்தவர் என்று கதவைச் சாத்திவிடாதீர்கள்.

◆ “உங்க பையனுக்கு ஏத்த ஸ்கூல் இது இல்லம்மா” என்று சொல்ல அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும் உரிமை இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அப்படி. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளவர்களுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது பெற்றோர் விருப்பம். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் உண்டு. பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வருவார்கள். பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்லச் சொல்ல எழுத ஆளும் கேட்டுப் பெறலாம். ஆனால் பரீட்சை மாதத்தில் போய்க் கேட்டால் நடக்காது.

◆ ஸ்டெம் செல் ஊசி போட்டால் குணமாகும் என்று லட்சக்கணக்கில் கேட்கிறார்களா? ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது, விளம்பரம் செய்து போடுவது மருத்துவத் தொழில் நடத்தைக்கே விரோதம் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில் சொல்லிவிட்டது. நிலத்தை விற்பதற்கு முன் இதை ஒரு முறை படியுங்கள்.

◆ 2022 மார்ச்சில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை 13 மணி 10 நிமிடத்தில் நீந்தி வந்தவர் ஜியா ராய். வயது 13. மும்பைச் சிறுமி, கடற்படை வீரரின் மகள், ஆட்டிசம் உள்ளவர். இந்த மாதிரிச் செய்தி வந்ததும், “பார்த்தியா, அந்தப் பிள்ள கடலையே தாண்டுது” என்று ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தாயிடம் ஒப்பிட்டுப் பேச ஒரு சொந்தக்காரர் தயாராக இருப்பார். அந்தப் பேச்சைத் தடுத்து நிறுத்துவதும் சமூகப்பணியாளரின் வேலைப் பட்டியலில் உண்டு.

◆ 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பேச்சே கிடையாது. 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் முதலில் சேர்த்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்றாக அது முழு இடம் பிடித்தது; அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டுக்குள் ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் முதலியவற்றுக்குச் சேர்த்து 1 சதவீதம். தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்; தெரபிச் செலவுக்கும் உண்டு, சேர்வதற்கு மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை.

◆ பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும் சட்டத்தின் கண்ணில் பெற்றோர் காப்பாளர் அல்லர். பாங்க் கணக்கிலும் பத்திரத்திலும் அப்போதுதான் இடிக்கும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 முதல் ஒத்தக்கடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்றாலும், இதற்காக அங்கே வழக்குப் போட வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டர், ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி ஆகியோர் அடங்கிய உள்ளூர் நிலைக் குழுவே சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கும். பெற்றோர் மட்டுமல்ல, உறவினரும் மனு கொடுக்கலாம். நியமனம் ஆன 6 மாதத்துக்குள், பிள்ளையின் பெயரில் உள்ள நிலம், வீடு, பணம் அத்தனைக்கும் பட்டியல் கொடுக்க வேண்டும். பிறகு ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கும் காட்ட வேண்டும். யானைமலை அடிவாரத்தில் சென்ட் என்ன விலை போகிறது என்று தெரிந்த சித்தப்பாக்கள் இந்தக் கடைசி விதியை மட்டுமாவது தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.